வீர புரன் அப்புவும் துவக்கு வரியும்

ஈழநாட்டு வரலாற்றிலே அரசாங்க ஏடு கள்வன் என்று எழுதிய ஒருவனை ஊரவர் நா வீரன் என்று வழங்கும் இடங்கள் சில உள. அத்தகையோருள் முதல்வைத்து எண்ணத்தக்கவன் புரன் அப்பு. 1848 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 8 ஆந் திகதி கண்டி மாநகரிலே இராணுவத்தாராற் சுட்டுக் கொல்லப்பட்டபோது அவனுக்கு வயது 35. அவ்வாழ்விலும் வரலாறு ஐயமின்றி அறிவது பெரும்பாலும் கடைசிப் பதினான்கு நாட்களையே. எஞ்சிய முப்பத்தைந்தாண்டும் செவிவழிச் செய்தியும் சிற்சில பதிவுகளுமாகவே கிடக்கின்றன. காவிய நாயகரை ஒருமையிற் சுட்டுவது நம் மரபாதலின் அவனை அவன் என்றே எழுதுகின்றேன். இதனால் மதிப்புக் குறைந்ததாக எவரும் கொள்ளற்க.

அவன் மலைநாட்டவன் அல்லன். கடற்கரை நகரமாகிய மொறட்டுவையிலே 1812 நவம்பர் 7 இற் பிறந்தவன். பெற்றோர் இட்ட பெயர் பிரான்சிஸ்கோ பெர்ணாந்து. குலப்பெயர் வீரஹென்னதிகே என்பது. போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற பெயர்களும் தச்சுத் தொழிலும் கடலோடும் ஊக்கமும் ஒருங்கு விளங்கிய ஊர் மொறட்டுவை. அங்கே வெஸ்லியன் மிசன் பாடசாலையிற் சிறிது காலம் பயின்றான் என்பர். பதின்மூன்று வயதளவில் வீட்டை நீங்கி, இரத்தினபுரியிலே வழக்கறிஞராயிருந்த சிறிய தந்தை ஒருவரை அடைந்து அவர் மனையில் வளர்ந்தான். சிங்களருள் முதன்முதல் வழக்கறிஞர் தொழில் புரிந்தோர் அவர் என்றும் கூறுப. பிற்காலத்தில் எந்தச் சட்டத்தை எதிர்த்து உயிர் கொடுத்தானோ அந்தச் சட்டம் பேசப்படும் வீட்டிலேயே அவன் இளமை கழிந்தது.

இரத்தினபுரியினின்று ஊவா நாட்டை அடைந்தான். பிரான்சிஸ்கோ என்னும் பெயர் அங்கே மறைந்தது. புரன் அப்பு என்னும் பெயர் எழுந்தது. பதுளைப் பக்கத்து வழிப்பறிகளோடு அப்பெயரைச் சேர்த்து அரசாங்கம் அவனைத் தேடியது. பிடித்துத் தருவார்க்குப் பரிசும் விளம்பியது. அவன் கைபடாத் தூயவன் என்று நிலைநாட்ட யான் புகவில்லை. அன்றைய மலைநாட்டிலே பழைய ஆட்சி இறந்து புதிய ஆட்சி வேரூன்றாத இடைக்காலத்தில், நிலமும் குலத்தொழிலும் ஊர்ப்பிடிப்பும் இல்லாத துணிவுடை இளைஞன் எவ்வழி சென்றிருப்பான் என்பதை ஊகித்தல் அரிதன்று. ஆயின் ஒன்று மாத்திரம் நோக்கத்தக்கது. வெறுங் கொள்ளைக்காரன் ஒருவனுக்கு ஊரார் பெண் கொடார். 1847 ஆம் ஆண்டிலே கண்டிக்கு அணித்தாகிய குண்ணேபானை ஆராச்சியின் மகள் பண்டார மெனிக்காவை அவன் மணந்தான். கட்டுகஸ்தோட்டையிலிருந்து அவ்வூர் தொலைவன்று. கரையோரத்துக் கிறித்தவப் பெயரொடு பிறந்த ஒருவனை மலைநாட்டு ஆராச்சி மருமகனாக ஏற்றது சிறு செய்தியன்று. சாதியும் நாட்டுப் பிரிவும் இறுக நின்ற காலம் அது.

இனி, அவன் எதிர்ப்பட்ட உலகைச் சிறிது நோக்குவோம்.

1815 இல் கண்டியரசு ஆங்கிலேயர் கைப்பட்டது. தென்னாட்டு நாயக்கர் வழிவந்த இறுதி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வேலூர்க் கோட்டைக்கு அனுப்பப்பட்டு 1832 இல் ஆண்டே மறைந்தான். 1817, 1818 ஆண்டுகளில் ஊவாவில் எழுந்த பெருங்கிளர்ச்சி கொடிய முறையில் அடக்கப்பட்டது. பின்னர் மலைகள் கோப்பித் தோட்டங்களாயின. 1840 ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம், உறுதி காட்டமாட்டாத காடும் சேனையும் தரிசும் அரசுக்கே உரியன என்று கொண்டது. தலைமுறை தலைமுறையாகச் சேனை வெட்டி உண்டவன் தன் காட்டுக்கு உறுதி காட்டுவது எங்ஙனம்? அக்காணிகள் தோட்டக்காரர்க்கு விற்கப்பட்டன. அத்தோட்டங்களிற் கூலி செய்யத் தமிழ்நாட்டினின்று வந்தோர் மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை மாத்தளை வழியாக, காடும் காய்ச்சலும் கடந்து கால்நடையாகவே மலையேறினர். வழியில் இறந்தோர் தொகை எவ்வேட்டிலும் முற்ற எழுதப்படவில்லை. புரன் அப்புவின் கதை நிகழ்ந்த நெடுஞ்சாலையும் அந்நெடுஞ்சாலையே.

1847 அளவில் ஐரோப்பாவில் நேர்ந்த வாணிக மந்தத்தாற் கோப்பி விலை வீழ்ந்தது. தோட்டங்கள் கைவிடப்பட்டன, அரசாங்கக் கருவூலம் வறண்டது. அவ்வாண்டு மே மாதத்திலே புதிய தேசாதிபதியாக வந்தவர் டொறிங்டன் பிரபு. இவர் அப்போதைய பிரித்தானியப் பிரதமர் ஜோன் ரசல் பிரபுவின் உறவினர். குடியேற்ற நாடொன்றை ஆண்ட பழக்கம் முன்னர் இல்லாதவர். அவரும் 1812 இலேயே பிறந்தவர். அவ்வாண்டு செப்டம்பரில் இங்கிலாந்திற் பிறந்த பிரபுவும் நவம்பரில் மொறட்டுவையிற் பிறந்த பிரான்சிஸ்கோவும் முப்பத்தைந்தாண்டின் பின் ஒரே நகரத்தின் பொருட்டு எதிரெதிர் நின்றனர். வரலாறு இத்தகைய ஒப்புமைகளைத் தானே அமைத்து வைக்கும், எழுதுவோன் புனையவேண்டுவதில்லை.

கோப்பிமேல் இருந்த ஏற்றுமதித் தீர்வையை நீக்கித் தோட்டக்காரரைத் தாங்க வேண்டும் என்பது தேசாதிபதியின் கருத்து. அதனாற் குறையும் வருமானத்தை ஈடுசெய்வது யார்? குடியானவன். 1848 இலே வரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. கடை வைத்தவன் ஆண்டுக்கு ஒரு பவுண் இறுக்க வேண்டும். நாய் வளர்ப்பவன் ஒரு ஷில்லிங் இறுக்க வேண்டும். துவக்கு வைத்திருப்பவன் இரண்டு ஷில்லிங் ஆறு பென்சு கொடுத்து உத்தரவுப்பத்திரம் பெறவேண்டும். இவற்றின்மேல், வயதுவந்த ஆடவர் ஒவ்வொருவரும் ஆண்டில் ஆறு நாள் தெருவேலை செய்யவேண்டும். அல்லது மூன்று ஷில்லிங் கட்டவேண்டும். தோட்டத்துக்கு வந்த இந்தியக் கூலிகளுக்கு இதில் விலக்கு உண்டு. புத்த பிக்குகளுக்கோ முதலில் விலக்கு இல்லை. உலகியல் துறந்து காவியுடுத்தவர் மண்வெட்டி எடுக்கவேண்டும் என்ற விதி மலைநாட்டார் உள்ளத்தை எத்துணை வருத்தியது என்பதை விரித்துரைத்தல் வேண்டா.

இவ்வரிகள் சிறியனவே என்று அரசாங்கத்தார் கூறினர். அவர்தம் கணக்கைக்கொண்டே அளந்து பார்ப்போம். ஆறு நாள் வேலைக்கு மூன்று ஷில்லிங் ஈடு எனின், ஒரு நாள் உழைப்பின் விலை ஆறு பென்சு என்று அரசே மதித்ததாயிற்று. அவ்வளவையின்படி துவக்கு ஒன்றுக்கு இறுக்கும் இரண்டரை ஷில்லிங் ஐந்து நாட் கூலி. நாய்க்கு இறுக்கும் ஒரு ஷில்லிங் இரண்டு நாட் கூலி. தெருவேலை ஆறு நாளையும் கூட்டினால், ஒரு துவக்கும் ஒரு நாயும் உடைய எளிய குடியானவன் ஆண்டிற் பதின்மூன்று நாளை அரசுக்கு ஈந்தவனாவான். இதுவும் காசு கையிற் புழங்கும் ஊரிற் செய்யும் கணக்கு. நெல்லும் குரக்கனும் பண்டமாற்றுமாக வாழ்ந்த மலைநாட்டுக் கிராமத்திலே இரண்டரை ஷில்லிங் நாணயம் காண்பது பெரும்பாடு. பத்திரம் பெறும்பொருட்டுக் கச்சேரிக்கு நடந்துபோகும் நாள், அங்கே காத்திருக்கும் நாள், எழுதுவோனுக்கும் தலைமைக்காரனுக்கும் காட்டும் மரியாதை ஆகியவற்றை எந்தச் சட்டமும் கணக்கில் எழுதுவதில்லை.

நாயும் துவக்கும் வரிப்பொருளாயின என்பதை இன்று கேட்போர் நகைக்கலாம். மலைநாட்டுக் குடிக்கு அவை பொழுதுபோக்கல்ல. காட்டை அடுத்த சேனையிலே இராக்காலத்தில் வரும் பன்றிக்கூட்டம் ஒரு பருவ உழைப்பை ஒரே சாமத்தில் உழுது போய்விடும். மரையும் மானும் குரங்கும் முள்ளம்பன்றியும் தத்தம் பங்குக்கு வரும். யானை வந்தாற் பரணும் நில்லாது. அங்கே குரைக்கும் நாயும் வெடிக்கும் துவக்கும் ஏரும் மண்வெட்டியும் போன்ற வேளாண் கருவிகளே. ஏருக்கு வரி விதித்தால் எவ்வாறிருக்குமோ அவ்வாறிருந்தது இது.

சொல்லைப்பற்றி ஒரு வார்த்தை. தமிழ்நாட்டார் துப்பாக்கி என்பதை ஈழத்துத் தமிழர் துவக்கு என்கிறோம். சிங்களர் துவக்குவ என்கின்றனர். இவையெல்லாம் துருக்கி மொழிச் சொல்லொன்றின் வழிவந்தன என்பது சொல்லாராய்ச்சியாளர் துணிபு. எனினும் கண்டியரசிலே துவக்கேந்திய படைப்பிரிவுக்கு வெடிக்கார லேக்கம் என்று பெயர் வழங்கியது. வெடிக்காரன் என்பதிலுள்ள தமிழை எவர்க்கும் எடுத்துக்காட்ட வேண்டுவதில்லை. கால்கள்மேல் நிறுத்திச் சுடும் சிறு பீரங்கியைக் கொடிதுவக்கு என்றனர். அதனைக் கையாண்ட படைப்பிரிவின் பெயர் இன்றும் சிங்களரிடையே குடும்பப் பெயராக வாழ்கின்றது. கண்டிக் கொல்லர் துவக்குக் குழாய் அடிப்பதிலும், அதன் மரத்திலே வெள்ளியும் தந்தமும் பதிப்பதிலும் கைதேர்ந்தவர். 1765 இல் ஒல்லாந்தர் கண்டி அரண்மனையிற் கவர்ந்துசென்ற பொன்னும் வெள்ளியும் மணியும் இழைத்த சிறு பீரங்கி, ஆம்ஸ்ரடாம் நூதனசாலையில் நெடுங்காலம் இருந்து, 2023 ஆம் ஆண்டிலேதான் இலங்கைக்கு மீண்டது. ஆகவே படைக்கலம் இம்மக்களுக்குப் புதிதன்று. அரசனுக்குச் செய்யும் ஊழியத்தின் அடையாளமாக வீட்டில் தொங்கியது அது. அதனை வைத்திருக்கப் பணம் கொடுத்து ஒப்புதல் பெறவேண்டும் என்பதே அவர்க்குப் புதிது.

படைக்கலத்தை அரசு கணக்கெடுப்பது வருமானத்துக்காக மட்டுமோ என்ற ஐயமும் இயல்பாகவே எழுந்தது. யாரிடம் எத்தனை துவக்கு உண்டு என்று ஏட்டில் எழுதியபின், வேண்டும்போது வாங்கிக்கொள்ளுதல் எளிது. இவ்வையம் வீண் அச்சம் என்று ஒதுக்குவோர் பாண்டிநாட்டை நினைக்க. 1801 இலே மருது சகோதரரைத் தூக்கிலிட்டபின், அவ்வாண்டு டிசம்பரிலேயே சென்னை அரசாங்கம் திருநெல்வேலி, இராமநாதபுரம், சிவகங்கைச் சீமைகளிலே பாளையக்காரரும் குடிகளும் படைக்கலம் வைத்திருத்தல் கூடாதென்று பறைசாற்றியது. அங்கே ஆணை நேராக வந்தது. இந்தியா முழுமைக்கும் 1878 இலே படைக்கலச் சட்டம் வந்தபோதும், குடகு நாட்டார்க்கு மட்டும் அவர்தம் பழைய உரிமை கருதி விலக்கு அளிக்கப்பட்டது. கண்டியிலோ ஆணை வரியின் உடையணிந்து வந்தது. வருமானமே நோக்கம் என்று அரசு சொன்னது உண்மையாகவும் இருக்கலாம். ஆயின் 1818 ஐ மறவாத மக்கள் அதனை நம்பவில்லை.

போதாக்குறைக்கு அவ்வேளையிலேயே தலைமைக்காரர் வாயிலாக ஊர்தோறும் புள்ளிவிவரம் திரட்டினர். ஆடு, மாடு, மரம், மக்கள் எல்லாவற்றையும் எழுதியபோது, எழுதியன அனைத்துக்கும் நாளை வரி வரும் என்ற வதந்தி பரந்தது. கொழும்பிலே டாக்டர் எலியற் என்னும் பத்திராதிபர் தம் பத்திரிகையில் வரிகளைக் கண்டித்து வெளியிட்ட கடிதமும் சிங்களத்தில் மொழிபெயர்க்கப்பட்டு மலைநாடெங்கும் சென்றது. யூலை 6 ஆந் திகதி பல ஆயிரவர் கண்டிக்கு நடந்து வந்து கச்சேரியை அடைந்து அரசாங்க அதிபர் புல்லரிடம் முறையிட்டனர். அன்று அவர்கள் படைக்கலம் ஏந்தி வரவில்லை. பணம் இல்லை என்று சொல்லவே வந்தனர். குடியேற்ற நாட்டுச் செயலாளர் எமேர்சன் டெனன்ற் தலைவர்களை அழைத்து வரிகளின் நியாயத்தை விளக்கினார். விளக்கினாரேயன்றி விலக்கினாரல்லர். அன்று செவிசாய்த்திருந்தால் இக்கட்டுரைக்கு இடமே இராது.

யூலை 26 ஆந் திகதி தம்புள்ளைக் குகை விகாரையிலே ஒரு முடிசூட்டு நிகழ்ந்தது. கொங்காலேகொட பண்டா என்பவன் கண்டி மன்னனாக முடிபுனைந்தான். விக்கிரம என்னும் இறுதி மன்னன் பெயரையே அவனும் தன் பட்டப்பெயரிற் சேர்த்துக்கொண்டான். அவ்வவையிலே அரசனின் வாளேந்தியாக நின்றவன் புரன் அப்பு. கொங்காலேகொட பண்டாவும் மலைநாட்டுப் பெருங்குடியிற் பிறந்தவன் அல்லன். 1815 இலே ஆங்கிலேயரோடு ஒப்பந்தத்திற் கையெழுத்திட்ட பெருந்தலைவர்களின் மரபினர் பெரும்பாலும் ஒதுங்கி நின்றனர். சிலர் அரசாங்கத்துக்குத் துணையும் ஆயினர். கண்டியின் விடுதலைக்குத் தலைமை தாங்கக் கரையோரத்தான் ஒருவனும் பெருங்குடிப் பிறவாதான் ஒருவனுமே முன்வந்தனர். இவ்வெழுச்சியின் நெஞ்சை அறியவேண்டுமாயின் இதனையே முதலில் நோக்கவேண்டும் என்பது என் கருத்து. பழைய பெருமையை மீட்க எழுந்தவர் சிலரே. பெரும்பாலார் இரண்டரை ஷில்லிங் இல்லாதவர்.

யூலை 28 ஆந் திகதி பெருந்திரள் மாத்தளையை அடைந்தது. துவக்கு உடையார் துவக்கும், இல்லாதார் ஈட்டியும் தடியும் கொண்டு வந்தனர். அவர்கள் முதலிற் பாய்ந்தது கச்சேரிமீது. அங்கேயிருந்த வரி ஏடுகளை அழித்தனர். இச்செயலின் பொருளைப் பலர் ஊன்றி நோக்குவதில்லை. பொருள் கவர வந்தவன் பெட்டியை உடைப்பான், ஏட்டைக் கிழிப்பானேன்? தன் பெயரும் தன் துவக்கும் எழுதப்படும் இடத்தை அழிக்க வந்தவனுக்கன்றோ ஏடு பகையாகும்! தோட்டங்களிலும் கடைகளிலும் கொள்ளையும் நிகழ்ந்தது. அதனையும் மறைத்தல் ஆகாது. அதே வேளையிற் குருநாகலிலும் கிளர்ச்சி மூண்டு, படையினர் சுட்டதிற் சிலர் மாண்டனர்.

மாத்தளையினின்று கண்டிக்கு வழி ஒன்றே. பலகடுவைக் கணவாய் ஏறி, அக்குறணை கடந்து, கட்டுகஸ்தோட்டையிலே மகாவலியைத் தாண்டவேண்டும். சிங்களத்திற் கட்டு என்பது முள். கஸ் என்பது மரம். தோட்ட என்பது துறை. முள்மரத் துறை என்பதே இவ்வூரின் பெயர்ப்பொருள். இரும்புப் பாலம் அமையுமுன் ஓடத்தாற் கடந்த ஆறு இது. இத்துறையைப் பிடித்தவன் கண்டியின் வடவாயிலைப் பிடித்தவனாவான். கிளர்ச்சியாளர் இதுவரை வரவில்லை. கப்டன் லில்லி என்பவன் தலைமையிற் கண்டியிலிருந்து விரைந்த படை, 29 ஆந் திகதி விடியலில் மாத்தளையை அடுத்த வாரியப்பொலைத் தோட்டத்தருகே அவர்களை எதிர்கொண்டது. பயிற்சியுடைய படையின் வெடிமுன் ஊர்த்திரள் நெடும்பொழுது நிற்கவில்லை. இவ்வெழுச்சி முழுவதிலும் ஐரோப்பியர் ஒருவரேனும் உயிரிழந்திலர். கிளர்ச்சியாளர் பக்கம் இறந்தோரோ ஏறத்தாழ இருநூற்றுவர் என்பர். பன்றி விரட்டும் துவக்கைக் கண்டு அரசாங்கம் கொண்ட அச்சம் எத்துணை மிகையானது என்பதற்கு இவ்விரண்டு எண்களே சான்று பகரும்.

அன்றே கண்டிப் பகுதியில் இராணுவச் சட்டம் விளம்பப்பட்டது. 31 ஆந் திகதி குருநாகலுக்கும் நீட்டப்பட்டது. கிளர்ச்சி ஓரிரு நாளில் அடங்கிவிட்டது. இராணுவச் சட்டமோ அக்டோபர் மாதம்வரை நீடித்தது. போர் ஓய்ந்தபின் நடந்தவையே டொறிங்டன் பிரபுவின் பெயரைக் கெடுத்தன. மக்கள் காணி பூமிகளும் ஆடுமாடுகளும் பறிமுதலாயின. நீதிமன்றங்கள் திறந்திருக்கவும் இராணுவ விசாரணையிலே பதினெண்மர் சுட்டுக் கொல்லப்பட்டனர்.

அவருள் ஒருவன் புரன் அப்பு. சில நாட்களிற் பிடிபட்டுக் கண்டிக்குக் கொணரப்பட்டான். விசாரணை நீளவில்லை. வழக்கறிஞர் வீட்டில் வளர்ந்த அவனுக்கு வாதாட வழக்கறிஞர் இல்லை. ஆகஸ்ட் 8 ஆந் திகதி போகம்பரை வெளியிலே துவக்கு ஏந்திய வீரர் அணிமுன் நிறுத்தப்பட்டான். தன்னைப்போன்ற தலைவர் அரைப்பங்குடசின் பேர் இருந்திருந்தால் மலைநாட்டிலே வெள்ளையர் ஒருவரும் எஞ்சியிருக்கமாட்டார் என்னும் கருத்துப்பட அவன் இறுதியிற் பேசினான் என்று டொறிங்டன் பிரபுவே இலண்டனிலிருந்த கிறே பிரபுவுக்கு எழுதியனுப்பினார். கொன்றவன் எழுதிய கடிதமே கொல்லப்பட்டவனின் புகழுக்குச் சான்றாயிற்று. கள்வன் என்று அரசு எழுதிய ஏடுகளை இன்று தேடுவார் இல்லை. அக்கடிதத்தின் செய்தியோ பள்ளிச் சிறாரும் அறிந்தது. பண்டார மெனிக்காவை அவன் மணந்து அப்போது இரண்டாண்டும் நிரம்பவில்லை.

ஆகஸ்ட் 26 ஆந் திகதி குடாபொல தேரர் என்னும் பிக்கு காவி உடையோடே சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் குற்றமற்றவர் என்று அறிந்தோர் சிலர் தேசாதிபதியிடம் எடுத்துரைத்தும், அவர் கேளாது மறுநாட் காலையே தண்டனையை நிறைவேற்றச் சொன்னார் என்பது பின்னர் இலண்டனிற் பெரும் பேச்சாயிற்று. கொங்காலேகொட பண்டா செப்டம்பர் 21 இல் எல்கடுவையிலே மலாயப் படைவீரராற் பிடிக்கப்பட்டான். அவன் வழக்கு உயர்நீதிமன்றத்துக்குச் சென்றது. தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டுப் பின் நூறு கசையடியும் நாடுகடத்தலுமாகக் குறைக்கப்பட்டது. மலாக்காவுக்கு அனுப்பப்பட்ட அவன் 1849 டிசம்பரிலே அங்கேயே இறந்தான். பிரதம நீதியரசர் ஒலிபன்ற், குற்றவாளிகளாகக் காணப்பட்டோர்மீது கருணை காட்டுமாறு பரிந்துரைத்தார் என்பதை இவ்விடத்து நன்றியோடு குறிப்பிடல் வேண்டும். முடியரசு அவரையும் நியமித்தது, டொறிங்டனையும் நியமித்தது. சட்டம் ஒன்றே, கைகள் வேறு.

பிரித்தானியப் பாராளுமன்றத்திலே பெய்லி, யோசேப்பு ஹியூம் முதலியோர் இவற்றை எழுப்பினர். கீழவைக் குழுவொன்று 1849 இலும் 1850 இலும் சாட்சிகளை விசாரித்தது. வரிகள் ஏன் விதிக்கப்பட்டன, கிளர்ச்சி அடங்கியபின்னும் மக்களைச் சுட்டது ஏன், பிக்குவைக் காவியுடையிற் கொன்றது ஏன் என்ற வினாக்களுக்கு மனநிறைவான விடை எவர் வாயிலும் வரவில்லை. 1850 இல் டொறிங்டன் பிரபு திருப்பி அழைக்கப்பட்டார். டெனன்றும் இலங்கையை நீங்கினார். பின்னர் டெனன்ற் இலங்கையைப்பற்றி எழுதிய பெருநூல் இன்றும் ஆராய்ச்சியாளர்க்குப் பயன்படுகின்றது. அறிவுடையார் எல்லாரும் ஆள வல்லவர் அல்லர்போலும்.

1848 இன் துவக்கு வரியும் நாய் வரியும் கடை வரியும் விதித்த வடிவில் நிலைக்கவில்லை. தெருவேலை விதியே நெடுங்காலம் நின்றது. ஆயின் துவக்குக்கு உத்தரவு வேண்டும் என்ற கோட்பாடு அழியவில்லை. அது அழியவேண்டியதும் அன்று. 1915 இலே கண்டியிலும் பிற இடங்களிலும் சிங்களர்க்கும் முஸ்லிம்களுக்கும் இடையே மூண்ட கலவரத்தின் அடுத்த ஆண்டில், முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்தபோது, 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச்சட்டம் ஆக்கப்பட்டது. திருத்தங்களோடு அதுவே இன்றும் இலங்கையில் நடைமுறையிலுள்ளது. உத்தரவின்றித் துவக்கு வைத்திருத்தல் குற்றம். செய்தலும் விற்றலும் இறக்குமதி செய்தலும் உத்தரவின்றேற் குற்றம். உத்தரவு இல்லாதான் ஒருவனுக்குத் துவக்கைக் கைமாற்றுதலும் குற்றம். தந்தை இறந்தால் வயலும் வீடும் மகனைச் சேர்வதுபோல் துவக்கு தானே சேர்ந்துவிடாது. மகனும் தன் பெயருக்கு உத்தரவு பெறவேண்டும். உத்தரவு ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படவேண்டும். 1996 ஆம் ஆண்டின் திருத்தம் தண்டனைகளை மிகக் கடுமையாக்கியது. இடைப்பட்ட காலத்திலே இந்நாட்டில் துவக்கு பேசிய மொழியை அறிந்தோர், அக்கடுமையை வியவார்.

இவ்விரு சட்டங்களையும் அருகருகே வைத்துப் பார்க்கும் மாணவர், அவற்றின் நோக்கம் வெவ்வேறு என்பதைக் காண்பர். 1848 இன் சட்டம் துவக்கு உடையவனிடம் பணம் கேட்டது. 1916 இன் சட்டம், துவக்கு வைத்திருக்க இவன் தக்கவனோ என்று கேட்கின்றது. எனினும் பயிர்காக்கும் குடியானவன் நிலை முற்ற மாறிவிடவில்லை. பன்றியும் குரங்கும் யானையும் இன்றும் வருகின்றன. உத்தரவுத் துவக்கைப் பெறும் வழி நீண்டது என்று கருதுவோர் சிலர், வேலியோரத்திலே மறைவாகக் கட்டுத்துவக்கு வைக்கின்றனர். காட்டு விலங்குக்கு வைத்த கட்டு, விறகு பொறுக்கப் போனவன் காலைத் துளைத்த செய்தி நாளிதழ்களில் வந்தவண்ணம் உளது. சட்டத்துக்கும் சேனைக்கும் இடையேயுள்ள தூரம் இன்னும் குறையவில்லை.

புரன் அப்புவைப்பற்றிச் சிங்களத்திலே கதைகளும் பாடல்களும் நாடகங்களும் பல எழுந்தன. 1970 களின் இறுதியில் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் அவன் பெயரையே தலைப்பாக்கித் திரைப்படமொன்று எடுத்தார். தமிழில் அவனைப்பற்றி எழுதியது மிகக் குறைவு. கட்டபொம்மனையும் மருதிருவரையும் பாடிய நாவுக்கு இவன் அயலான் அல்லன். மாத்தளை நகரில் 1848 இன் வீரர்க்கு நினைவுத்தூண் ஒன்று நிற்கின்றது. வடக்கேயிருந்து கண்டிக்கு வரும் பேருந்துகள் அந்நகர் வழியே பலகடுவையில் ஏறி, அக்குறணையில் இறங்கி, கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைக் கடக்கின்றன. யூலை 29 காலையில் அப்பெருந்திரள் வரவெண்ணி வாராத வழி அதுவே.